இடது பக்கம் கடிகாரம், வலது பக்கம் வெள்ளி

கடிகாரம் பழுது பார்ப்பவனிடம் யாரும் சந்தோஷமாக வருவதில்லை. வெள்ளி வேலை செய்பவனிடம் யாரும் அவசரமில்லாமல் வருவதில்லை. நான் இரண்டும் செய்கிறேன். ஆகவே எரிச்சலோடு வருகிறவர்களும் அவசரத்தோடு வருகிறவர்களும் ஒரே நேரத்தில் என் கடை வாசலில் நிற்பார்கள்.

ஒரே மேசைதான். இடது பக்கம் கண்ணில் மாட்டும் லென்ஸ், இடுக்கி, எண்ணெய்க் குப்பி. வலது பக்கம் ஊதுகுழல், ரம்பம், சின்னப் பட்டறைக் கல். நடுவில் ஒரு சாண் அகலம் காலியாக இருக்கும். அது டீ கிளாசுக்கு. கடிகாரத்தை மதுரையிலும் வெள்ளியைச் சேலத்திலும் கற்றுக்கொண்டேன். வாளையாறில் கொஞ்ச காலம், பாலக்காட்டு டவுனில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, இடுக்கி மாவட்டத்தில் வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் இந்தக் கடையைப் போட்டுப் பதினாறு வருஷம் ஆகிறது. "இடுக்கி பிடிக்கிறவன் இடுக்கிக்கே போயிட்டான்" என்று என் மச்சான் இன்றுவரை சொல்லிச் சிரிப்பான். பதினாறு வருஷமாக ஒரே வேடிக்கை.

இரண்டு தொழில் எதற்கு என்று கேட்பார்கள். மழை மாதங்களில் மலையில் ஈரம் ஏறிக் கடிகாரங்கள் நிற்கும். கல்யாண மாதங்களில் கொலுசும் மெட்டியும் வரும். ஒன்று படுத்தால் ஒன்று எழுந்திருக்கும், அவ்வளவுதான். தையல் கடை, போன் ரிப்பேர் கடை, மிக்ஸி ரிப்பேர் கடை என்று எதையாவது திறந்து வைத்துக்கொண்டு ஜனங்களின் வாயில் தினமும் விழுந்து எழுகிற என் இனத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம்.

வரிசையில் நின்ற லாரி

வாளையாறு சோதனைச் சாவடியில் அப்போதெல்லாம் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் நிற்கும். ரோட்டோரம் ஒரு தகரக் கூரைக்குக் கீழே நான் உட்கார்ந்திருப்பேன். எனக்குப் பெரும்பாலும் டிரைவர்கள்தான் வாடிக்கை. வண்டி நகராதவரை அவர்களுக்கு வேறு வேலை கிடையாது. கையில் கட்டியிருப்பதைக் கழற்றித் தந்துவிட்டு, நான் பிரிப்பதை வேடிக்கை பார்ப்பார்கள்.

பொள்ளாச்சிப் பக்கத்து டிரைவர் ஒருவர், பழனிச்சாமி என்று பேர், தன் கைக்கடிகாரத்தைத் தந்து, "வண்டி நகர்றதுக்குள்ள முடிச்சுக் குடுத்துருங்க" என்றார். நான் மூடியைக் கழற்றி, சக்கரங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது வரிசை நகர்ந்துவிட்டது. பின்னால் ஒரே ஹாரன். அவர் ஓடிப்போய் வண்டியில் ஏறினார். ஜன்னல் வழியாக என்னவோ கத்தினார். எனக்குக் கேட்கவில்லை.

சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, ஓடவைத்து ஆணியில் மாட்டினேன். சாவி கொடுக்கிற கடிகாரம். தினமும் காலையில் கடை திறந்ததும் அதற்கும் சாவி கொடுத்துவிடுவேன். மூன்று வாரம் போயிற்று. ஒருநாள் மத்தியானம் பழனிச்சாமி கண்கள் சிவந்து, தாடியோடு வந்து நின்றார். ஆணியிலிருந்து கடிகாரத்தை எடுத்துக் கொடுத்தேன். காதில் வைத்துக் கேட்டார்.

"நீங்க போனதிலிருந்து நிக்காம ஓடுது" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"ஏனுங்க, மூணு வாரமா நானும் நிக்காமத்தானுங்க ஓடறேன். எனக்கு எங்கீங்க எண்ணெய் ஊத்துவாங்க?"

ஒன்று கூட அடித்த மணி

பாலக்காட்டில் இருந்தபோது கல்பாத்தித் தெருவிலிருந்து ஒரு மருமகள் வந்தாள். வீட்டுச் சுவர்க்கடிகாரம் மணியடிக்கும்போது எப்போதும் ஒன்று கூட அடிக்கிறதாம். ஐந்துக்கு ஆறு, ஆறுக்கு ஏழு, பன்னிரண்டுக்குப் பதின்மூன்று. வருகிறவர்கள் எல்லாரும் எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்கள். மாமனார் கோயம்புத்தூரில் தம்பி வீட்டுக்குப் போயிருக்கிறார், திரும்பி வருவதற்குள் சரிசெய்து வைத்தால் சந்தோஷப்படுவார் என்றாள்.

போய்ப் பார்த்தேன். எத்தனை தடவை அடிக்கவேண்டும் என்று தீர்மானிக்கிற பல்லுத் தகடு ஒன்று உள்ளே உண்டு. அதன் வால் லேசாக வளைந்திருந்தது. நிமிர்த்தினேன். பன்னிரண்டு மணி வரை அங்கேயே காத்திருந்து, அந்தப் பெண்ணோடு சேர்ந்து எண்ணிப் பார்த்தேன். சரியாகப் பன்னிரண்டு. மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

அந்த மாமனாருக்குச் சேஷு மாமா என்று பேர். அவருக்குக் கண் தெரியாது என்பதை அவள் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாமா கோயம்புத்தூரிலிருந்து திரும்பி வந்தார். ராத்திரி நன்றாகத் தூங்கினார். விடியற்காலையில் மணி ஐந்து அடித்தது. வழக்கம்போல ஒன்றைக் கழித்து, நாலுதான் ஆகிறது என்று திரும்பிப் படுத்துவிட்டார். ஆறு அடித்தபோது ஐந்து என்று நினைத்து எழுந்தார். குளியல், சர்க்கரை மாத்திரை, சாப்பாடு என்று எல்லாமே ஒரு மணி நேரம் தள்ளிப்போயிற்று. தலை சுற்றியது. கோயிலுக்குப் போனால் நடை சாத்தியிருக்கிறது. "கோயில்ல நேரத்தை மாத்திட்டா, யாரும் நம்மகிட்டச் சொல்றதில்லை" என்று வீட்டில் கோபித்துக்கொண்டிருக்கிறார். அவர் மனசுக்குள் ஒன்றைக் கழித்துக்கொள்கிறார் என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மூன்றாவது நாள் மணி ஆறு அடித்ததும் "அஞ்சாயிடுத்து" என்று அவர் எழுந்தபோதுதான் மருமகளுக்கு விஷயம் புரிந்தது.

அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு மாமா என் கடைக்கு வந்தார். நான் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். இப்போதே வந்து பழையபடி வளைத்துவிடுகிறேன் என்றேன். அவர் என் குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பி, கோபமில்லாமல்தான் சொன்னார்.

"நாப்பது வருஷமா அது ஒண்ணு கூட அடிச்சிண்டிருந்தது, நான் ஒண்ணைக் கழிச்சிண்டிருந்தேன். ரெண்டு பேரும் ஒத்துமையா இருந்தோம். அதை மட்டும் திருத்திட்டேளே, என்னை யார் திருத்தறது?"

பல்லி இருந்த வீடு

மலைக்கு வந்த புதிதில் நடந்தது இது. ஏலக்காய் உலர்த்துகிற கட்டடத்தை இங்கே ஸ்டோர் என்பார்கள். அடுப்புச் சூடு ராப்பகலாக இருப்பதால், வெளியே குளிரில் விறைக்கிற பூச்சி பொட்டெல்லாம் உள்ளே வந்துவிடும். அப்படி ஒரு ஸ்டோரைக் கவனித்துவந்த சவரிமுத்து, நின்றுபோன சுவர்க்கடிகாரம் ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார்.

பின்பக்கத்தைத் திறந்தேன். ஒரு பல்லி குதித்து அவருடைய துண்டின் மடிப்புக்குள் ஓடிற்று. உள்ளே இரண்டு முட்டை ஓடு, நாலைந்து ஈ, கொஞ்சம் ஏலக்காய்த் தோல். எல்லாவற்றையும் துடைத்து, பல்சக்கரத்தில் சிக்கியிருந்த தோலை எடுத்ததும் முள் நகர்ந்தது. இனி எதுவும் நுழையாதபடி ஓட்டையை ஒரு துண்டு வலையால் அடைத்துக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துக் கடைப்பக்கம் வந்தவரிடம், கடிகாரம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"கடிகாரம் நல்லாத்தாம்ணே ஓடுது. வீடில்லாத அந்தப் பல்லிதான் இப்ப ராப்பகலா என் தலைமாட்டுலயே கெடக்கு."

மாறிப்போன கால்

கம்பத்திலிருந்து மேட்டுப் பாதை ஏறி, ஏலத் தோட்டங்களுக்குப் பெண்களைத் தினமும் ஜீப்பில் கொண்டுவருகிறவர்களில் இன்னாசி ஒருவர். ஒருநாள் காலை, பதினொரு பெண்கள் உட்கார்ந்திருந்த ஜீப் பனியில் வழுக்கியது. ஒரு பக்கம் மலைச் சுவர், இன்னொரு பக்கம் ஒன்றுமில்லை. இன்னாசி வண்டியை மலைப்பக்கம் ஒடித்து, மண் திட்டில் சாய்த்து நிறுத்தினார். பெண்களுக்குச் சிராய்ப்புதான். இன்னாசிக்கு மட்டும் முன்பக்கம் நசுங்கிக் கால் முறிந்தது.

மூன்று மாதம் கழித்து ஆள் அனுப்பினார். மாதா கோயிலுக்கு வெள்ளியில் ஒரு கால் செய்து காணிக்கை கொடுப்பதாக நேர்ந்திருக்கிறாராம். உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கண், கை, கால், தொட்டில் என்று வெள்ளித் தகட்டில் தட்டி எடுத்த உருவங்கள். நான் தகட்டை வெட்டி, பின்பக்கமிருந்து தட்டி, முழங்காலிலிருந்து பாதம் வரை, ஐந்து விரலும் நகமும் தெரிய நன்றாகவே செய்தேன். எனக்கே அதைப் பார்க்கப் பார்க்கத் திருப்தியாக இருந்தது.

திருவிழாவுக்கு முந்தின நாள் சாயந்திரம் இன்னாசியே ஊன்றுகோலோடு படியேறி வந்தார். அவர் நடையைத்தான் முதலில் பார்த்தேன். அவர் இழுத்து இழுத்து வைத்தது இடது கால். நான் செய்து வைத்திருந்தது வலது கால். செய்தி கொண்டுவந்தவரிடம் எந்தக் கால் என்று நான் கேட்கவே இல்லை.

மறைப்பதில் அர்த்தமில்லை. மேசை மேல் வைத்து, தப்பு நடந்துவிட்டது, உருக்கி மறுபடி செய்கிறேன், ஆனால் நாளைக்குள் முடியாது என்று சொன்னேன். இன்னாசி அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் இரண்டு கால்களையும் குனிந்து பார்த்தார். பிறகு அதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

"விடுங்கண்ணே. முறிஞ்சது என்னமோ இடதுதான். ஆனா அன்னைக்குப் பிரேக்கைச் சவட்டிப் பிடிச்சது வலதுதான். பதினோரு பேருக்காக நன்றி சொல்லணும்னா இதைத்தான் குடுக்கணும்."

காலையில் முந்தி, மாலையில் பிந்தி

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ஏனென்றால் இதில் எனக்கு நஷ்டம்.

பக்கத்து எஸ்டேட் ஒன்றில் வருஷத்துக்கு ஒருமுறை எல்லாக் கடிகாரங்களையும் நான்தான் போய்ப் பார்ப்பேன். ஆபீஸில் ஒன்று, ஸ்டோரில் ஒன்று, மானேஜர் பங்களாவில் நாலு. நல்ல வேலை. உட்கார வைத்து டீ கொடுப்பார்கள்.

அங்கே வேலை செய்கிற பாண்டியம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்தார். ஐம்பது வயசிருக்கும். கூட நாலு பெண்கள். காலையில் பேர் கொடுப்பதை எஸ்டேட்டில் பெரட்டு என்பார்கள். எட்டு மணிக்குப் பெரட்டு. ஐந்து நிமிஷம் பிந்தினால் பேர் எழுதாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கம்பத்திலிருந்து ஒரு மணி நேரம் ஜீப்பில் வந்தவர்களுக்கும் அதே கதி.

"எங்க போன்ல எட்டே ஆகலைண்ணே. ஆபீஸ்ல பார்த்தா எட்டு பத்து. போன வாரம் மட்டும் ஏழு பேரைத் திருப்பி விட்டுட்டாரு சூப்பர்வைசரு. கேட்டா, எஸ்டேட்டுக்கு ஆபீஸ் கடிகாரந்தான் கணக்கு, உங்க போனு இல்லைங்காரு" என்றார் பாண்டியம்மா.

கடிகாரம் வேகமாக ஓடுகிறது போலிருக்கிறது, சரிசெய்துவிடலாம் என்றேன்.

"இருங்கண்ணே. சாயந்திரம் வேலை விடுறப்ப அதே கடிகாரம் பத்து நிமிஷம் பிந்தி நிக்குது. அது எப்படி?"

என் தொழிலில் இது முக்கியமான கேள்வி. ஒரு கடிகாரம் முந்தும், அல்லது பிந்தும். கோளாறு முற்றினால் நிற்கும். தினமும் காலையில் முந்தி, மாலையில் பிந்தி, ராத்திரியோடு ராத்திரியாக மறுபடி முந்துகிற கடிகாரத்தை எந்தக் கம்பெனியும் செய்ததில்லை. அதற்கு ஒரு கை வேண்டும். அந்தப் பெண்களுக்கும் இது தெரியும். தெரிந்துதான் வந்திருந்தார்கள். கடிகாரக்காரன் வாயிலிருந்து வரவேண்டும், அவ்வளவுதான்.

நான் உடனே ஒன்றும் சொல்லவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். என் மனைவி சகாயம் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "பார்க்கலாம்னா என்ன அர்த்தம்? பார்ப்பீங்களா, மாட்டீங்களா?" என்றாள். ராத்திரி சாப்பாட்டில் உப்பில்லை. நான் கேட்கவில்லை.

இரண்டு வாரத்தில் வருஷாந்தர வேலைக்கு எஸ்டேட்டிலிருந்து கூப்பிட்டார்கள். ஆபீஸ் கடிகாரத்தைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தேன். இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. முள்ளைத் திருப்புகிற பிளாஸ்டிக் குமிழ் மட்டும் விரல் பட்டுப் பட்டு வழவழவென்று தேய்ந்திருந்தது. மற்ற ஐந்து கடிகாரங்களிலும் அந்தக் குமிழ் புத்தம் புதிதாக, சொரசொரப்பாகவே இருந்தது. சூப்பர்வைசர் பக்கத்தில் நின்று ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேரத்தைச் சரியாக வைத்தேன். குமிழைக் கத்தரித்து எடுத்துவிட்டேன். அந்த ஓட்டையின் மேல் ஒரு பித்தளைத் தகட்டை வைத்து, நாலு திருகாணி போட்டு முடுக்கினேன். பழுது பார்த்த விவரம் எழுதுகிற நோட்டு ஒன்று அங்கே உண்டு. அதில் இப்படி எழுதினேன்: 'ஆபீஸ் கடிகாரம் நன்றாக இருக்கிறது. முள் திருப்பும் குமிழ் அதிக உபயோகத்தால் தேய்ந்திருக்கிறது. இனி யாரும் திருப்பத் தேவையில்லை என்பதால் நீக்கப்பட்டது.'

கையெழுத்துப் போட நோட்டை எடுத்த மானேஜர் அதை வாசித்தார். மறுபடி வாசித்தார். சூப்பர்வைசரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஓகே" என்று மட்டும் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு டீ வரவில்லை. அடுத்த வருஷம் அங்கிருந்து அழைப்பும் வரவில்லை, இதுவரைக்கும் வரவில்லை. பெரட்டில் யாரையாவது திருப்பி அனுப்புகிறார்களா என்று தெரிந்துகொள்ள மட்டும் ஆசையாக இருந்தது. கொலுசுக்கு ஆணி மாற்ற வந்த பாண்டியம்மாவிடம் கேட்டேன்.

"இப்ப யாரையும் அனுப்புறதில்லண்ணே. கடிகாரம் சரியா ஓடுது, நாங்களும் சரியா வாரோம். அந்தச் சூப்பர்வைசர்தான் தெனமும் பத்து நிமிஷம் லேட்டு."

கடந்தை கொட்டிய விரல்

சுகாதார நிலையத்திலிருந்து என்னிடம் நோயாளி வருவதுண்டு. நம்பமாட்டீர்கள். வீங்கிய விரலில் மாட்டிக்கொண்ட மோதிரத்தை எடுக்க அவர்களிடம் அன்றைக்குக் கருவி இல்லை என்றால், நர்ஸ் என் கடையைக் காட்டி அனுப்பிவிடுவார்.

அப்படி வந்தவர் வேலம்மா. ஏலச் செடிக்குள் குனிந்தபோது கடந்தைக் கூட்டில் கை பட்டுவிட்டது. அந்தக் குளவி கொட்டினால் என்ன ஆகும் என்று மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். கை வாழைப்பூ மாதிரி இருந்தது. மோதிர விரலில் தடித்த வெள்ளி மோதிரம் சதைக்குள் புதைந்து, விரல் நுனி நீலம் பாய ஆரம்பித்திருந்தது. கூட வந்த கணவர் கருப்பசாமி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகம்தான் அதிகம் வெளுத்திருந்தது.

வேலம்மாவின் கவலை வேறாக இருந்தது. "வெட்டாம எடுக்க முடியுமாண்ணே? தாலி கட்டுன அன்னைக்கு இவரு போட்டது. இருபத்திரெண்டு வருஷம் ஒரு தடவைகூடக் கழட்டினதில்ல" என்றார். சோப்பு போட்டுப் பார்த்தேன். நூலைச் சுற்றி இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. விரல் நுனியைத் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றார். இனி கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. மோதிரத்துக்கும் சதைக்கும் நடுவில் காகிதம் போன்ற ஒரு தகட்டை நுழைத்து, மெல்லிய ரம்பத்தால் அறுத்தேன். ரம்பம் சூடாகிவிடும் என்று இரண்டு இழுப்புக்கு ஒருமுறை சகாயம் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தாள்.

இரண்டு பக்கமும் விரித்ததும் மோதிரம் கழன்றது. கொஞ்ச நேரத்தில் நுனிக்கு ரத்தம் ஏறியது. கருப்பசாமி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். ஒட்டி, பெரிதாக்கித் தருகிறேன் என்று நான் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். வேலம்மா அதைக் கேட்கவே இல்லை. விரலை வெளிச்சத்தில் நீட்டி, மோதிரம் இருந்த இடத்தில் வளையமாகத் தெரிந்த தோலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயிலே படாத தோல்.

"இந்த எடத்துல நான் இம்புட்டுச் செவப்பாண்ணே?"

மூன்றாவது விரல்

மெட்டிக்கு அளவெடுக்கப் பெண்கள் கூட்டமாகத்தான் வருவார்கள். அம்மா, சித்தி, அத்தை, லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளின் பெண்கள். முத்துலட்சுமி தனியாக வந்தாள். மழை நாள். முழங்கால் வரை தோட்டத்து ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள். கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் உள்ளே வந்தாள்.

அடுத்த மாதம் கல்யாணம், மெட்டி வேண்டும், ஆனால் மூன்றாவது விரலுக்கு வேண்டும் என்றாள். மெட்டியைக் கட்டைவிரலுக்கு அடுத்த விரலில்தான் போடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அவள் பூட்ஸைக் கழற்றி வலது காலை அளவெடுக்கிற மணையின் மேல் வைத்தாள். கட்டைவிரலுக்கு அடுத்த விரல் அங்கே இல்லை.

பள்ளிக்கூடம் படிக்கிறபோது லீவு நாளில் தோட்டத்தில் களை வெட்டப் போனாளாம். கையிலிருந்த வளைந்த வாக்கத்தி நழுவிக் காலில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு எப்போதும் பூட்ஸ்தான், அல்லது முன்பக்கம் மூடின செருப்பு. லயத்திலேயே பலருக்குத் தெரியாது.

"மாப்பிள்ளைக்கு?" என்று கேட்டேன்.

"அவருக்குத் தெரியும். நானே சொல்லிட்டேன். அவங்க அம்மாவுக்குத் தெரியாது." பூட்ஸை ஓரமாக நகர்த்தி வைத்து, "முன்னாடி ஒரு எடம் வந்து, இதனாலேயே போயிருச்சு" என்றாள். சடங்கில் அம்மி மேல் காலை வைத்து மெட்டி போடும்போது எல்லாப் பெண்களும் குனிந்து அதைத்தான் பார்ப்பார்கள். அதை நினைத்து அவளுக்கு ஒரு மாதமாகத் தூக்கமில்லை.

மூன்றாவது விரல் மெலிசாக இருந்தது. சாதாரண மெட்டி நிற்காது. முனை திறந்து, விரலை மெல்லக் கவ்விக்கொள்கிற மாதிரி செய்தேன். அகலமாக ஒரு இலைப் பூ வைத்தேன். அது பக்கத்து இடைவெளியைக் கொஞ்சம் மூடிக்கொண்டது. இடது காலுக்கும் அதேபோல் மூன்றாவது விரலுக்கே செய்யச் சொன்னாள். வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, பூட்ஸை மாட்டிக்கொண்டு மழையில் போனாள். கல்யாணத்துக்கு எங்களுக்கும் பத்திரிகை வைத்தாள். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி நான் போகவில்லை. காய்ச்சல் இல்லை.

மூன்று வாரம் கழித்து, மூணாற்றிலிருந்து வருகிற பஸ்ஸில் முத்துலட்சுமியும் அவளுடைய மாமியாரும் வந்து இறங்கினார்கள். மாமியார் நல்ல உயரம், கண்டிப்பான முகம். நேராகக் கடைக்குள் வந்து, "இந்த மெட்டியைச் செஞ்சது நீங்கதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கல்யாணத்தன்று பெண்கள் கிசுகிசுத்தார்களாம். அதோடு விடாமல், தண்ணீர்க் குழாயடியில், தேயிலைப் பாக்டரி வாசலில், எங்கே போனாலும் மருமகள் காலைப் பற்றியே கேட்கிறார்களாம். விரல் விஷயத்தை மருமகள் அன்று ராத்திரியே தன்னிடம் அழுதுகொண்டு சொல்லிவிட்டாளாம். அந்த அம்மாள் சொல்லிக்கொண்டே வர, முத்துலட்சுமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தெரிந்தும் மறைத்ததற்கு எனக்கும் பங்கு கிடைக்கப்போகிறது என்று நினைத்தேன்.

மாமியார் செருப்பைக் கழற்றினார். வெடிப்பு விழுந்த தன் பாதத்தைத் தூக்கி, மருமகள் அன்றைக்குக் கால் வைத்த அதே மணையின் மேல் வைத்தார். இரண்டாவது விரலில் தேய்ந்துபோன பழைய மெட்டி ஒன்று இருந்தது. அதைத் தானே திருகிக் கழற்றி என் மேசையில், டீ கிளாசுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இதை அழிச்சு எனக்கும் மூணாவது வெரலுக்கே அடிச்சுக் குடுங்க. இனி எவளாச்சும் கேட்டா, எங்க வீட்டுப் பழக்கமே இதுதான்னு சொல்லிக்கிடுறோம்."

இத்தனை வருஷமாகக் குனிந்தே உட்கார்ந்து நான் பழுது பார்த்த பொருள்களைவிட, எதிரில் நின்று வாடிக்கைக்காரர்கள் சொல்லிவிட்டுப் போனது நன்றாக இருந்தது என்றாலும், கூலியை என்னவோ நான்தான் வாங்கிக்கொண்டேன்.